ஒரே இரவில் மூன்று சாவு!
வேலூர் டாக்டரம்மாவின் கதை

தேசூர், ஆரணிப் பக்கத்தில் வீட்டில் யாருக்காவது பெரிய நோய் என்றால், வேலூருக்குக் கொண்டு போகச் சொல்வார்கள் பெரியவர்கள். அந்த வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் ஒரு பெண்மணி. பெயர் டாக்டர் ஐடா ஸ்கடர்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கப் பாதிரிக் குடும்பம். தகப்பனார் டாக்டர். ஐடாவுக்கோ வைத்தியத்தில் நாட்டமே இல்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்பதே எண்ணம்.

கதவைத் தட்டிய மூவர்

ஒரு நாள் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். தகப்பனாரை அழைத்துப் போகும்படி ஐடா கெஞ்சினார். மூவரும் மறுத்துவிட்டார்கள். டாக்டரே ஆனாலும் அன்னிய ஆண்மகன் தொடக் கூடாதாம்! பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா அமெரிக்கா போனார். 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-ல் திரும்பி வந்தார். 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளோடு பெண்கள் ஆஸ்பத்திரி எழுந்தது.

நர்ஸ் எங்கே?

டாக்டர் வந்துவிட்டார். இரவெல்லாம் நோயாளி பக்கத்தில் இருப்பது யார்? புண்ணைக் கழுவுவது, மலஜலம் எடுப்பது எல்லாம் இழிவான வேலை என்று ஊரார் நினைத்த காலம். மானமுள்ள குடும்பத்துப் பெண்ணை அனுப்புவார்களா?

ஐடா அசரவில்லை. 1909-ல் டீலியா ஹௌட்டன் என்ற நர்ஸின் துணையோடு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1946-ல் அது சென்னை சர்வகலாசாலையின் பட்டப் படிப்பாக உயர்ந்தது. இந்தியாவில் நர்ஸுகளுக்குப் பட்டப் படிப்பு முதன்முதலில் வந்தது அந்த ஆண்டில்தான், வேலூரிலும் டில்லியிலும்!

இந்தப் படிப்பில் ஒரு சிக்கல் உண்டு. வகுப்பில் டீச்சர் சொல்வார்: ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்பும் கை கழுவு. வார்டிலோ கூட்டம் நெரியும். மூத்த நர்ஸுக்கு மூச்சு விட நேரமிராது. இவள் எப்படிச் செய்கிறாளோ, அப்படியே மாணவியும் செய்வாள். டீச்சர் ஒன்று சொல்லி, வார்டு நர்ஸ் வேறொன்று செய்தால், கேடு நோயாளிக்குத்தானே?

வேலூரில் இதற்கு நல்ல வழி கண்டார்கள். பாடம் சொல்லும் ஆசிரியைக்கே வார்டிலும் பொறுப்பு. காலையில் சொன்னதைப் பிற்பகல் நோயாளியின் கட்டிலருகே தானே செய்து காட்டியாக வேண்டும். டீச்சரம்மாவுக்கு இது லேசான வேலையல்ல! வார்டு நர்ஸின் கஷ்டமும் அப்போதுதான் அவருக்குப் புரியும்.

ஐடா அம்மையார் கலியாணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதம், தமது 89-வது வயதில் கொடைக்கானலில் காலமானார். வேலூரில் அடக்கம் செய்தார்கள்.