இராமச்சந்திரன் வரைந்த படம்

எச்.ஐ.வி. கிருமியிடம் ஒரு கத்தரி உண்டு. புரோட்டியேஸ் என்பது அதன் பெயர். கிருமியின் புரதங்கள் பல ஒரே நீண்ட சங்கிலியாகப் பிறக்கின்றன. கத்தரி அதைத் துண்டுகளாக வெட்டுகிறது. அதன் வாயில் ஒரு சிறு மூலக்கூறைச் செருகிவிட்டால் புதிய கிருமி முற்றுப்பெறாது, நோயும் பரப்பாது. அத்தகைய மூலக்கூறுகளைக் கணிப்பொறியில் பொருத்திப் பார்ப்பதே காரியவட்டத்தில் என் ஆராய்ச்சி. அதற்கு முன் ஒரு படத்தைப் பார்த்தாக வேண்டும். அதைத் தந்தவர் ஜி. என். இராமச்சந்திரன்.

1922-ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் பிறந்த தமிழர் அவர். தந்தையார் அங்கு மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். (பிழைப்புக்காக மலையாள நாடு வந்த குடும்பத்தவனாகிய எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி, மறைப்பானேன்?) திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்றவர், மின்பொறியியல் படிக்கப் பெங்களூர் சென்றார். சர் சி. வி. இராமன் அவரைத் தம் துறைக்கு இழுத்துக்கொண்டார். பின்பு கேம்பிரிட்ஜ். 1952-இல், ஏறக்குறைய முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைத் தலைவரானார்.

தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-லும் 1955-லும் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எழுதினார். கிரிக், ரிச் என்னும் அறிஞர்கள் மறுத்தனர். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் எழுப்பிய தடை. வேறொருவராயின் வாதாடியே காலத்தைக் கழித்திருப்பார். இராமச்சந்திரனோ, அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று ஆராயப் புகுந்தார். அதுவரை வெளிவந்த படிக ஆராய்ச்சிகளைத் துருவி அளவுகளைத் தொகுத்தார்.

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு திருப்பங்கள் உண்டு. ஒன்றன் கோணத்தைக் கிடையாகவும் மற்றதன் கோணத்தை நெடுக்காகவும் குறித்து, அணுக்கள் மோதாத இடங்களை மட்டும் வரைந்தால் தாளின் பெரும்பகுதி வெறுமையாகிறது! கிளைசின் என்னும் மிகச் சிறிய கண்ணிக்கு மட்டும் சற்று விலக்கு. இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-இல் இதனை வெளியிட்டார்.

கிருமியின் கத்தரியை 1989-இல் எக்ஸ் கதிர் கொண்டு கண்டனர். தலைக்கு 99 கண்ணிகள் கொண்ட இரு சங்கிலிகள் சேர்ந்தது அது. இத்தகைய வடிவம் எதுவாயினும் இராமச்சந்திரன் படத்தில் வைத்துச் சோதிப்பர். கண்ணிகள் பல வெற்றிடத்தில் விழுந்தால் வடிவத்தை நம்ப இயலாது. அதை நம்பிச் செய்யும் மருந்து, வேறொரு துளைக்குச் செதுக்கிய ஆப்புத்தான். கத்தரியை அடைக்கும் மருந்துகளில் முதலாவதான சாக்வினாவிர் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறகு பல வந்தன.

இராமச்சந்திரன் 1977-இல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபெல் பரிசு கிட்டவில்லை; கிட்டியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அப்போது நான் பிறக்கவும் இல்லை.