புதிய குரல்களுக்குச் செவி கொடுத்த வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல்

மணி இரவு பத்தைத் தாண்டிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் உறங்கிவிட்டனர். பள்ளி மாணவன் ஒருவன் சிறிய டிரான்சிஸ்டர் வானொலியைப் போர்வைக்குள் மறைத்து, ஒலியைக் குறைத்து, காதோடு ஒட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். 1970, 1980ஆம் ஆண்டுகளில் பிரிட்டனில் பல வீடுகளில் நடந்த கதை இது. அந்தப் பிள்ளைகள் காத்திருந்தது பிபிசி ரேடியோ 1 அறிவிப்பாளர் ஜான் பீலின் குரலுக்காக.

அவர் உரக்கப் பேசுபவர் அல்லர். சில வேளைகளில் இசைத்தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிட்டு, நேயர்களிடம் மன்னிப்பும் கேட்பார். ஆனால், வேறு எந்த நிகழ்ச்சியிலும் கிடைக்காத பாடல்கள் அவரிடம் கிடைத்தன. பெரிய நிறுவனங்களின் துணையின்றி, கைக்காசைப் போட்டுப் பாடல் பதிவு செய்த இளைஞர்கள் பலருக்கு அவர்தான் முதல் கதவைத் திறந்துவிட்டார்.

ஜான் பீலின் இயற்பெயர் ஜான் ரேவன்ஸ்கிராஃப்ட். 1939 ஆகஸ்ட் 30ஆம் நாள், லிவர்பூல் நகருக்கு அருகிலுள்ள ஹெஸ்வாலில் பிறந்தார். தந்தை பருத்தி வணிகர். குழந்தை பிறந்த நான்காம் நாள் பிரிட்டன் இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. தந்தை போருக்குப் போய்விட, மகனின் முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் அவரைக் காணாமலே கழிந்தன. பிறகு விடுதிப் பள்ளி வாழ்க்கை. படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. வானொலியும் இசைத்தட்டுகளுமே அவருக்குத் துணையாக இருந்தன.

கட்டாய இராணுவச் சேவையை முடித்து, ரோச்டேல் நகரப் பஞ்சாலை ஒன்றில் சில காலம் வேலை செய்தார். 1960இல் பருத்தி வணிகம் பழக அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்குச் சென்றார். காப்புறுதியும் விற்றுப் பார்த்தார். 1964இல் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்காவையே ஆட்டி வைத்தபோதுதான் அவருக்கு வழி பிறந்தது. லிவர்பூல் பக்கத்துக்காரர் என்ற ஒரே தகுதியைக் கொண்டு, டல்லாஸ் வானொலி நிலையம் ஒன்றில் பீட்டில்ஸ் பற்றிப் பேச வாய்ப்புப் பெற்றார். அதிலிருந்து வானொலியே அவரது பிழைப்பானது.

1967இல் தாயகம் திரும்பியவர், கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து உரிமமின்றி ஒலிபரப்பிய ரேடியோ லண்டனில் சேர்ந்தார். ஜான் பீல் என்ற பெயர் அங்குதான் அவருக்கு ஒட்டிக்கொண்டது. நள்ளிரவுக்கு மேல் நிலைய நிர்வாகிகள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தத் துணிச்சலில், தமக்குப் பிடித்த பாடல்களை மட்டுமே ஒலிபரப்பினார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் புதிய சட்டம் வந்து அந்நிலையம் மூடப்பட்டது. செப்டம்பர் 30இல் பிபிசி ரேடியோ 1 தொடங்கியபோது, முதல் அணியில் பீலும் இருந்தார். அந்த அணியில் மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகிய பின்பும், அவர் மட்டும் இறக்கும்வரை 37 ஆண்டுகள் அங்கேயே நிலைத்தார்.

அக்காலத்தில் பிபிசி ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. கலைஞர்களின் வேலைவாய்ப்பு பறிபோகக்கூடாது என்பதற்காக இசைக்கலைஞர் சங்கத்துடன் செய்துகொண்ட ஏற்பாடு அது. எஞ்சிய நேரத்தை நிரப்ப, குழுக்களை நிலையத்துக்கே அழைத்துப் பாட வைத்தார்கள். பீல் இந்தக் கட்டுப்பாட்டையே புதியவர்களுக்கான வாய்ப்பாக மாற்றினார். அழைக்கப்பட்ட குழு லண்டன் மைடா வேல் ஒலிப்பதிவுக் கூடத்தில், பெரும்பாலும் ஒரே நாளில் நான்கு பாடல்களைப் பதிவு செய்யும். இசைத்தட்டே வெளியிடாத குழுக்களும் இதில் உண்டு. இவ்வாறு 2,000க்கும் மேற்பட்ட கலைஞர்களும் குழுக்களும் 4,000க்கும் அதிகமான பதிவுகளைச் செய்தனர்.

1981இல் ஷெஃபீல்டு நகருக்கு வந்த பீலிடம், பள்ளி மாணவரான ஜார்விஸ் காக்கர் ஓர் ஒலிநாடாவை நீட்டினார். அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று கேட்ட பீல், மாணவர்களின் பல்ப் குழுவை ஒலிப்பதிவுக்கு அழைத்தார். அந்தக் குழு நாடறியப் புகழ்பெற மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

1983இல் நடந்த ஒரு சம்பவம் நம்மவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். காளான் பிரியாணி கிடைத்தால் எதையும் கொடுப்பேன் என்று பீல் வானொலியில் பசியோடு சொல்ல, அதைக் கேட்ட புதிய பாடகர் பில்லி பிராக், பிரியாணிப் பொட்டலத்தோடும் தம் இசைத்தட்டோடும் நிலையத்துக்கு ஓடினார். பீல் அந்தத் தட்டை ஒலிபரப்பினார், தவறான வேகத்தில். பிரியாணி வராவிட்டாலும் ஒலிபரப்பியிருப்பேன் என்று நேயர்களிடம் சொல்லவும் அவர் மறக்கவில்லை.

அதை வெறும் உபசார வார்த்தையாக எடுத்துக்கொள்ள முடியாது. மார்க் போலன் அறியப்படாதிருந்த நாளிலிருந்து அவரைத் தூக்கிவிட்டவர் பீல். இருவரும் நெருங்கிய நண்பர்கள். ஆனால், 1971இல் போலன் புகழின் உச்சியைத் தொட்டபோது, அவரது புதிய பாடல் பீலுக்குப் பிடிக்கவில்லை. நட்பில் விரிசல் விழுந்தும் அவர் தம் செவியை ஏமாற்றவில்லை. 1976இல் பங்க் இசையைத் தம் நிகழ்ச்சிக்குக் கொண்டுவந்தபோது, பழைய நேயர்கள் சினந்து கடிதம் எழுதினர். அவர்களை இழக்கவும் துணிந்தார். பின்னாளில் ஜிம்பாப்வேயின் புந்து பாய்ஸ் குழுவையும் பிரிட்டனுக்கு அறிமுகப்படுத்தினார்.

அவர் குறையற்றவர் அல்லர். அமெரிக்காவில் இருந்தபோது, 1965இல் தம் 26ஆம் வயதில், 15 வயதுப் பெண்ணை மணந்தார். மணமுறிவில் முடிந்த அந்தத் திருமணமும், இளவயதுப் பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதமும் பிற்காலத்தில் கடும் கண்டனத்துக்குள்ளாயின. 1974இல் ஷீலாவை மணந்து, சஃபோக் வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் நான்கு பிள்ளைகளோடு வாழ்ந்தார். வீடெங்கும் இசைத்தட்டுகள். தபாலில் வந்து குவிந்த ஒலிநாடாக்களைக் கேட்டு முடிக்க முடியவில்லையே என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

2004 அக்டோபர் 25ஆம் நாள், பெரு நாட்டின் குஸ்கோ நகரில் மாரடைப்பால் காலமானார். வயது 65. இறுதிச் சடங்குக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர்.

அவரது உடல் தேவாலயத்திலிருந்து வெளியே கொண்டுவரப்பட்டபோது ஒலித்த பாடலுக்கும் ஒரு கதை உண்டு. 1978இல் வட அயர்லாந்தின் டெரி நகரைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள், தி அண்டர்டோன்ஸ் என்ற பெயரில் ஒரு பாடலைப் பதிவு செய்தனர். அதை வெளியிட்டது, பெல்ஃபாஸ்டில் இசைத்தட்டுக் கடை நடத்திய ஒருவரின் சிறு நிறுவனம். பீல் அந்தப் பாடலில் மனம் பறிகொடுத்து, ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரு முறை ஒலிபரப்பினார். விரைவிலேயே அமெரிக்க நிறுவனம் ஒன்று அந்த இளைஞர்களை ஒப்பந்தம் செய்தது.

பீலின் கல்லறையில் பொறிக்கப்பட்டிருப்பதும் அந்தப் பாடலின் ஒரு வரிதான். தாம் தூக்கிவிட்ட ஓர் எளிய குழுவின் பாட்டோடுதான் அவர் உறங்குகிறார்.