ஒரே இரவில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு



நமக்காகவோ உறவினருக்காகவோ வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள் நம் குடியிருப்பிலும் இருப்பீர்கள். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், முதலில் டாக்டராகவே விரும்பாதவர் என்பது தெரியுமா?

1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் பிறந்தார். தாத்தாவும் தந்தையும் இங்கே மருத்துவப் பணி செய்தவர்கள். ஐடாவுக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். அமெரிக்காவில் படித்தார், அங்கேயே வசதியாகக் குடும்பம் நடத்த ஆசைப்பட்டார். தாயாருக்கு உடல்நலம் சரியில்லை என்பதால்தான் 1890இல் திண்டிவனம் வந்தார். சில காலம் கூட இருந்துவிட்டுத் திரும்புவது அவருடைய திட்டம்.

அங்கே ஓர் இரவு ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று சொல்லி வந்தவர் திரும்பிவிட்டார். அதே இரவில் மேலும் இருவர் அதே வேண்டுதலோடு வந்து, அப்படியே திரும்பினார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

பழக்கவழக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் கப்பல் ஏறியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தனக்குக் கிடைத்த நல்ல வீடு, படிப்பு, ஆரோக்கியம் எல்லாம் எதற்காகக் கிடைத்தன என்ற கேள்வி அவரை விடவில்லை. இரவெல்லாம் ஜெபித்தார். பெற்றோரிடம் போய், தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னார்.

1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர், மறைந்த தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900இல் வேலூர் வந்த சில மாதங்களில் தந்தை காலமானார். துணைக்கு மூத்த மருத்துவர் இல்லாமல், வீட்டிலேயே நோயாளிகளைப் பார்த்தார். 1902இல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடிகளில் நிறுத்தி கிராம மக்களுக்கு மருந்து கொடுத்தார்.

தான் ஒருத்தி போதாது என்பது அவருக்குப் புரிந்தது. 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். பின்னாளில் அரசு விதிகள் மாறி, அதைப் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்த்தாவிட்டால் மூட வேண்டும் என்ற நிலை வந்தது. அப்போது அவருக்கு ஏறக்குறைய எழுபது வயது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். கல்லூரி நிலைத்தது. 1960 மே மாதத்தில் கொடைக்கானலில் காலமானார்.

அவர் கடவுளுக்கு நன்றி சொன்ன விதத்தைப் பாருங்கள். கிடைத்ததற்காகக் கைகூப்பியதோடு அவர் நிறுத்தவில்லை. கிடைக்காதவர்களுக்குச் செய்ய வேண்டியதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

நமக்கும் தண்ணீர், பாதுகாப்பு, நல்ல அக்கம்பக்கம் என்று எவ்வளவோ கிடைத்திருக்கின்றன. தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரை யார் கவனிப்பது, காவலாளியின் பிள்ளைக்குப் பாடம் யார் சொல்லித் தருவது என்ற கேள்விகளும் நம்மிடையே இருக்கின்றன. சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்வது எளிது. ஆனால் கதவு தட்டப்படுவது உங்கள் வீட்டில் என்றால், நீங்கள்தான் திறக்க வேண்டும்.