புற்றுநோயாளர்க்கு நிழல் தந்த பெருமாட்டி
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் வரலாறு

புற்றுநோய் என்னும் சொல்லை உரக்கச் சொல்லவும் அஞ்சுவோர் நம் இல்லங்களில் உளர். அடுத்த வீட்டார் அறியாதவாறு மறைப்பதும், பெண்ணின் திருமணத்திற்குத் தடையாகுமோ என்று ஒளிப்பதும், நோய் இன்னதென்று தெரிந்தபின் இனி ஆவது ஒன்றுமில்லை என்று கைவிட்டு அமர்வதும் இன்றும் ஒழிந்தபாடில்லை. இந்த அச்சமும் மௌனமும் பன்மடங்கு அடர்ந்திருந்த காலத்தில், அந்நோயாளர்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டுமென எண்ணி, எண்ணியதை முடிக்க முப்பது ஆண்டுகள் உழைத்த தமிழ்ப் பெருமாட்டி ஒருவரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதற் பெண்மணி என்றும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்றும் அவரை நாம் நன்கறிவோம். புற்றுநோயாளர்க்கு அவர் ஆற்றிய தொண்டு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆதலின் அதனையே இங்கு விரித்துரைக்கப் புகுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இத்தகைய குடும்பத்தை அக்காலச் சமூகம் எவ்வாறு நோக்கியிருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம். பருவம் எய்திய பெண் பள்ளி செல்வது வழக்கத்தில் இல்லாமையால், தந்தையார் முயற்சியால் வீட்டிலிருந்தே கற்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். ஆடவர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி வழங்கிக் கல்லூரியின் கதவைத் திறந்துவிட்டார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, பரிசுகள் பல பெற்று, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னை அரசு மகப்பேற்று மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியேற்ற முதற் பெண்மணியும் அவரே. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தாம் மேற்கொள்ளும் பணிக்குத் தடை செய்யலாகாது என்பதே அம்மணத்திற்கு அவர் விதித்த நிபந்தனை. கணவரும் அதனை இறுதிவரை காத்தார்.

தங்கையின் நோய்

அம்மையாரின் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி அவர் இல்லத்திற்குள்ளேயே நேர்ந்தது. அவருடைய இளைய சகோதரி நோயுற்றார். மலத்துடன் இரத்தம் போவது கண்டு, அது சீதபேதி என்று கருதப்பட்டது. அதற்குரிய மருந்துகளும் கொடுக்கப்பட்டன. சீதபேதியிலும் இரத்தமும் சளியும் போகும். மலக்குடலில் தோன்றும் புற்றிலும் அவ்வாறே போகும். வயது இளமையாக இருப்பின் இரண்டாவதைப்பற்றி எவர்க்கும் ஐயமே எழுவதில்லை. மருந்து சிலநாள் ஆறுதல் தருவதுபோலத் தோன்றும். உள்ளே புற்றோ வளர்ந்துகொண்டே இருக்கும். உண்மை புலப்பட்டபோது நோய் முற்றியிருந்தது. 1923-இல் அச்சகோதரி உயிர் நீத்தார்.

வீட்டிலே மருத்துவர் இருந்தும், நகரத்தின் சிறந்த மருத்துவர்களின் துணை இருந்தும், இரண்டு உதவிகள் அந்த இளம்பெண்ணுக்குக் கிட்டவில்லை. காலத்தே நோயைக் கண்டறியும் வசதி ஒன்று; கண்டறிந்தபின் உரிய சிகிச்சையும் வேதனைக்கு மாற்றும் தரும் இடம் மற்றொன்று. மருத்துவர் வீட்டுப் பெண்ணுக்கே இந்நிலையாயின், கூலி வேலை செய்வோன் மனைவிக்கு யார் துணை? அம்மையார் தம் துயரைத் தம்மளவில் அடக்கிக்கொள்ளாது, புற்றுநோயை எதிர்ப்பதைத் தம் வாழ்நாட் பணிகளுள் ஒன்றாக ஏற்றார்.

1925-இல் அரசாங்க உதவிச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்று, லண்டன் செல்சீ மகளிர் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அப்போது அந்நகரின் ராயல் புற்றுநோய் மருத்துவமனைக்கும் சென்று, இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் முறைகளைப் பயின்றார். ஒரு நோய்க்கென்றே தனி மருத்துவமனை அமைந்தால், கத்தியும் கதிரும் செவிலியும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின்கீழ்க் கூடும் என்பதை அங்கே அவர் நேரிற் கண்டார்.

நாடு திரும்பியபின் 1926-இல் சட்டசபை உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து அவர் தொடங்கிய போராட்டம் 1947-இல் முழுமையான சட்டமாக நிறைவுற்றது. காந்தியடிகள் 1930-இல் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லம் அமைத்தார். இவ்வளவு பணிகளுக்கிடையிலும் புற்றுநோய் மருத்துவமனை என்னும் எண்ணம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

அடையாற்றில் எழுந்த நிலையம்

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அவ்விழாக் கூட்டத்தில் புற்றுநோயாளர்க்கென ஒரு மருத்துவமனை நிறுவும் தம் விருப்பத்தை அம்மையார் வெளியிட்டார். வரவேற்றவர் சிலர், தலையசைத்துப் போனவர் பலர். காலராவும் அம்மையும் மலேரியாவும் காசமும் ஊர் ஊராக உயிர் குடித்த காலம் அது. காப்பாற்றக்கூடிய நோய்களுக்கே பொருள் போதாதபோது, எப்படியும் இறப்போர்க்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் அரசு வட்டாரங்களிலும் இருந்தது. இவ்வெண்ணத்தைக் கல்நெஞ்சரின் கூற்று என்று நாம் ஒதுக்கிவிடல் ஆகாது. வறிய நாட்டின் கணக்கு அது. ஆயினும் அக்கணக்கில் ஒரு பிழை உண்டு. தொடக்கத்தில் வருவோர் பலர் பிழைப்பர் என்பதை அது எண்ணவில்லை. பிழையாதவர்க்கும் வேதனை குறைதல் ஒரு பேறு என்பதையும் அது எண்ணவில்லை.

அரசின் துணை வரும்வரை காத்திராது, 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அம்மையார் முதுமையையும் பாராது பொதுமக்களிடம் பொருள் திரட்டினார். 1952 அக்டோபர் 10-ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள், எளிய சிறு கட்டடத்தில், 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையாருக்கு 67 வயது நிறைந்திருந்தது.

கட்டடம் எழுப்புவதினும் அரிது அதற்கு உயிர் கொடுப்பது. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டிற் பெற்ற பயிற்சியை இந்நிலையத்திற்கே அளித்தார். 1955-இல் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். நம் பெங்களூரில் வாழ்ந்த விஞ்ஞான மேதை சர் சி. வி. ராமனின் உறவினர் இவர். அரசு மருத்துவப் பதவியை விடுத்து வந்த அவர், நிலைய வளாகத்திலேயே வாழ்ந்து, 2021-இல் மறையும்வரை அதனையே தம் இல்லமாகக் கொண்டார்.

1950-களின் பிற்பகுதியில் கோபால்ட் கதிர்ச் சிகிச்சைக் கருவி இங்கு நிறுவப்பட்டது. நம் நாட்டில் இக்கருவி முதன்முதல் வந்தது இந்நிலையத்திற்கே. அதற்குமுன் இருந்த எக்ஸ்ரே கதிர்கள் தோலைச் சுட்டபின்னரே உள்ளே சென்றன. கோபால்ட் கதிரோ தோலை அவ்வளவாக வாட்டாமல் ஆழத்திலுள்ள புற்றைத் தாக்க வல்லது. சிகிச்சை வன்மை பெற்ற அதே கருவியால் நோயாளரின் வேதனை குறைந்ததும் ஈண்டு நோக்கத்தக்கது. 1960-களில் குழந்தைகளின் புற்றுநோய்க்கெனத் தனிப் பிரிவும் ஏற்பட்டது. 1984-இல் அம்மையார் பெயரால் புற்றுநோய் மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. ஏழையர் பொருளின்மையால் திரும்பிச் செல்லலாகாது என்னும் கொள்கை தொடக்கமுதல் போற்றப்பட்டு வந்தது.

1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22-ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார்.

வள்ளுவர் எண்ணிய நான்கு

அல்சூர் ஏரிக்கரையில் 2009-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை நாம் அடிக்கடி காண்கின்றோம். அப்பெருமகனார் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து என மூன்றை எண்ணியதோடு நில்லாமல், அருகிலிருந்து பணிசெய்வோரை நான்காவதாக வைத்தார். புற்றுநோய் மருத்துவத்தில் இந்நான்காம் கூறு எவ்வளவு இன்றியமையாதது என்பது அண்மைக் காலத்திலேயே உலகுக்கு நன்கு புலனாயிற்று.

புற்றைக் கொல்லும் மருந்து, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றது. வாயின் உட்தோலும் குடலும் எலும்பு மச்சையும் அவ்வாறே விரைந்து பெருகுவன. ஆதலின் அவையும் அடிபடுகின்றன. வாய் புண்படுகிறது, வாந்தி வருகிறது, இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்து, சிறு தொற்றும் பெருங்கேடாகிறது. இவற்றைத் தாங்கமாட்டாது சிகிச்சையைப் பாதியில் விட்டோர் பலர். 1990-களில் புதிய வாந்தியடக்கி மருந்துகள் பரவியபின் இத்துன்பம் பெரிதும் குறைந்தது. இரத்தம் ஏற்றுதலும் தொற்றுத் தடுப்பும் நல்லுணவும் கூடியதனாலேயே, இரத்தப் புற்றுற்ற குழந்தைகள் வலிய மருந்துகளைத் தாங்கிப் பிழைக்கலாயினர்.

வலியைப் போக்குவதும் ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. அம்மையார் மறைவதற்கு முந்திய ஆண்டாகிய 1967-இல், லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் தீரா நோயாளர்க்கென ஒரு காப்பகம் நிறுவினார். வலி வந்தபின் கொடுப்பதைவிட, வலி திரும்புமுன் மணிக்கணக்குப்படி மார்ஃபின் கொடுப்பதே நன்றென அங்கே நிலைநாட்டினர். 1986-இல் உலக சுகாதார நிறுவனம் வலிமருந்துகளை மூன்று படிகளாக வகுத்துத் தந்தது. நம் நாட்டிலோ 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி சற்றே எளிதாக்கப்பட்டது.

இத்தகைய கவனிப்பு இறுதி நாட்களுக்கே உரியதென்று எண்ணுதல் தவறு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முற்றிய நுரையீரற் புற்றுநோயாளர் 151 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்று 2010-இல் வெளிவந்தது. தொடக்கமுதலே சிகிச்சையுடன் துயர்தணிப்புக் கவனிப்பும் பெற்றவர்கள், மனச்சோர்வு குறைந்து வாழ்ந்ததுடன், ஏனையோரைவிட ஏறத்தாழ மூன்று மாதங்கள் மிகுதியாகவும் வாழ்ந்தனர்.

பெங்களூர்த் தமிழர் கடமை

நாம் வாழும் இந்நகரில், ஓசூர் சாலையில் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் 1973 முதல் பணிபுரிந்து வருகின்றது. இந்நகரிலும் சென்னையிலும் புற்றுநோயாளரைக் கணக்கிடும் பதிவேடுகள் 1982-இல் ஒருங்கே தொடங்கப்பட்டன. முன்னதைக் கித்வாய் நிலையமும் பின்னதை அடையாறு நிலையமும் பேணுகின்றன. தீரா நிலை அடைந்தோரைக் கட்டணமின்றி ஏற்றுப் பேணும் கருணாஸ்ரயம் மாரத்தஹள்ளிப் பகுதியில் உள்ளது. கன்னட மக்களின் கொடையாலும் பிறமொழியாளர் கொடையாலும் வளர்ந்த இவ்வமைப்புகளின் பயன் நமக்கும் உரியதாகின்றது.

நம் இல்லத்தார் செய்யக்கூடியவை எளியவையே. ஆறாத வாய்ப்புண், மார்பிற் கட்டி, காரணம் தெரியாத இரத்தப்போக்கு இவற்றுள் எது தோன்றினும், நாணமோ அச்சமோ கொள்ளாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மருந்தேற்றிய நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால், விடியட்டும் என்று காத்திராது மருத்துவமனை செல்லுதல் வேண்டும். ஒரு வேளைப் பெருஞ்சோற்றுக்குப் பதிலாகப் பலமுறை சிறிது சிறிதாக உணவளித்தலும், உப்புநீரால் வாயைத் தூய்மை செய்வித்தலும், வலி எப்போது எங்கே எவ்வளவு என்று குறித்துவைத்தலும் வீட்டார் கையில் உள்ளன. மார்ஃபின் என்றவுடன் போதைப் பழக்கம் என்று அஞ்சி, மருத்துவர் அளித்ததை நோயாளர்க்குக் கொடாமல் வைத்தல் கொடுமையாகும்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலிருந்து நாள்தோறும் நம்மவர் சிகிச்சைக்காக இந்நகருக்கு வருகின்றனர். எந்தச் சன்னலில் சீட்டு வாங்குவது, எந்த அறையில் இரத்தம் எடுப்பர், எந்த மருந்தை எந்நேரம் உண்பது என்று புரியாமல், மொழி தெரியாது தாழ்வாரத்தில் நிற்போர் பலர். இரு மொழியும் அறிந்த நம் பிள்ளைகள் ஞாயிறு நீங்கலான ஒரு நாளின் அரைப்பொழுதை அவர்களுக்குத் தரலாகாதா? இரத்தம் கொடுக்கலாகாதா? அடையாற்றில் 12 படுக்கைகளுடன் அம்மையார் தொடங்கியதைப்போல் நாமும் சிறிதாகவே தொடங்குவோம். நோயாளரும் மருத்துவரும் மருந்தும் இந்நகரில் உண்டு. தாழ்வாரத்தில் நிற்கும் அவர் அருகே நம்மில் ஒருவர் சென்று நிற்போமாயின், வள்ளுவர் எண்ணிய நான்கும் அங்கே நிறைவுறும்.