கொதிக்கும் கல்லைக் கண்ட பிரபு
நிக்கலையும் ஜியோலைட்டையும் உலகுக்குத் தந்த கிரான்ஸ்டெட்டின் வாழ்க்கை

தட்டார்கள் பட்டறையில் ஊதுகுழல் ஒன்றை வைத்திருப்பதை யாவரும் பார்த்திருப்பார்கள். விளக்கின் சுடரை அந்தக் குழலால் ஊதி, வேண்டிய இடத்தில் மட்டும் படும்படி செய்து, நகையைப் பற்றவைப்பார்கள். சுமார் 270 வருஷங்களுக்கு முன், ஸ்வீடன் தேசத்துப் பிரபு குடும்பத்துப் பிள்ளை ஒருவர், அது போன்ற ஒரு குழலை வாயில் வைத்துக்கொண்டு கற்களை ஊதி ஊதிச் சோதித்துக்கொண்டிருந்தார். அந்த ஊதலிலே பிறந்த ஒரு பெயர், இன்று சலவைத் தூளிலும் ஆஸ்பத்திரிப் பிராணவாயு இயந்திரத்திலும் அடிபடுகிறது. அவர்தான் ஆக்ஸல் பிரெடரிக் கிரான்ஸ்டெட்.

தளபதியின் மகன்

ஸ்வீடனில் ஸோடர்மன்லாந்து என்ற மாகாணத்தில், 1722-ம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி கிரான்ஸ்டெட் பிறந்தார். தகப்பனார் ராணுவத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். கோட்டை கட்டும் வித்தையில் தேர்ந்தவர். மகனும் அந்த வழியே போயிருந்தால் பட்டமும் பதவியும் தாமாகவே வந்து சேர்ந்திருக்கும்.

ஆனால் 1738-ல் உப்ஸாலா சர்வகலாசாலைக்குப் படிக்கப் போன பையனின் மனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அங்கே வாலேரியஸ் என்ற ஆசிரியர் கனிப்பொருள்களைப் பற்றிப் பாடம் சொன்னார். உஷ்ணமானிக்குப் பெயர் தந்த ஸெல்சியஸும் அங்கேதான் ஆசிரியராக இருந்தார். பூமிக்குள் கிடக்கும் கற்கள் மீது கிரான்ஸ்டெட்டுக்கு ஏற்பட்ட ஆசை பிறகு தணியவே இல்லை.

ரஷ்யாவுடன் நடந்த யுத்தத்தின்போது, 1743-ல், அவர் படிப்பை நிறுத்திவிட்டுத் தகப்பனாருக்குக் காரியதரிசியாகப் போக நேர்ந்தது. அதன்பின் ஸ்வீடனின் சுரங்கங்களைச் சுற்றிப் பார்க்கலானார். செம்பு எப்படி உருக்கப்படுகிறது, இரும்பு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை உலைக்களத்தில் நின்றே கற்றார். பிறகு ஸ்டாக்ஹோமில் சுரங்க இலாகாவின் ரசாயனச் சாலையில், கோபால்ட் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்த ஜியார்ஜ் பிராண்டிடம் மாணவராகச் சேர்ந்தார். குரு ஒரு புது உலோகத்தைக் கண்டவர். சிஷ்யரும் ஒன்றைக் காணப்போகிறார் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

குட்டிச்சாத்தான் செம்பு

ஜெர்மனியில் ஸாக்ஸனி நாட்டுச் சுரங்கங்களில் சிவப்பு நிறமான ஒரு தாது கிடைத்துவந்தது. பார்ப்பதற்கு அசல் செம்புத் தாது போலவே இருக்கும். ஆனால் எவ்வளவு உருக்கினாலும் ஒரு துளி செம்பு கூட வராது. பூமிக்குள் இருக்கும் குட்டிச்சாத்தான்தான் செம்பைத் திருடிக்கொண்டு தங்களை ஏமாற்றுகிறது என்று சுரங்கத் தொழிலாளிகள் நம்பினார்கள். அந்தக் குட்டிச்சாத்தானுக்கு அவர்கள் பாஷையில் நிக்கல் என்று பெயர். செம்புக்குக் குப்பர் என்று பெயர். ஆகவே அந்தத் தாதுவை குப்பர்நிக்கல் என்று சொல்லித் திட்டித் தீர்த்தார்கள்.

ஸ்வீடனில் லோஸ் என்ற ஊரில் கோபால்ட் சுரங்கம் ஒன்று இருந்தது. அங்கிருந்து வந்த தாது ஒன்றை 1751-ல் கிரான்ஸ்டெட் பரிசோதித்தார். அதன்மீது பச்சைப் பொடி பூத்திருந்தது. பச்சை என்றால் செம்பு என்பதுதான் அந்நாளைய எண்ணம். அதை அமிலத்தில் கரைத்து, இரும்பை உள்ளே இட்டுப் பார்த்தார். செம்பாக இருந்தால் இரும்பின்மீது சிவப்பாகப் படிந்திருக்க வேண்டும். படியவில்லை. சரி, கோபால்டாக இருக்குமோ? கோபால்ட் கண்ணாடிக்கு நீல நிறம் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. பச்சைப் பொடியைக் கரியோடு சேர்த்து உலையில் வைத்தார். வெள்ளை நிறமான, கடினமான உலோகம் ஒன்று வந்தது. காந்தமும் அதை இழுத்தது.

செம்பும் அல்ல, கோபால்டும் அல்ல, இரும்பும் அல்ல. இது புது உலோகம் என்று கிரான்ஸ்டெட் தைரியமாக அறிவித்தார். ஸாக்ஸனியின் குப்பர்நிக்கலிலும் இதே உலோகம்தான் இருக்கிறது என்று கண்டு, 1754-ல் அதற்கு நிக்கல் என்றே பெயரிட்டார். குட்டிச்சாத்தான் பெயரே நிலைத்துவிட்டது!

ஆனால் எல்லோரும் இதை ஏற்கவில்லை. இது தனி உலோகமே அல்ல, கோபால்ட், இரும்பு, ஆர்ஸனிக், செம்பு எல்லாம் கலந்த கலவை என்று சில ரசாயன நிபுணர்கள் வாதாடினார்கள். அவர் எடுத்த நிக்கல் முழுச் சுத்தமாக இல்லாதது அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. இந்த வழக்கு அவர் ஆயுளில் தீரவே இல்லை.

கல் கொதித்தது

கிரான்ஸ்டெட்டின் பெரிய ஆயுதம் அந்தச் சிறு ஊதுகுழல்தான். பெரிய உலையில் படி கணக்காகத் தாதுவைக் கொட்டி மணிக்கணக்கில் உருக்குவதற்குப் பதிலாக, மிளகளவு கல்லைக் கரித்துண்டின்மேல் வைத்துச் சுடரை ஊதினால் சில நிமிஷங்களில் அதன் குணம் தெரிந்துவிடும். கல் உருகுகிறதா, புகைகிறதா, வெண்காரத்தோடு சேர்ந்தால் என்ன நிறம் காட்டுகிறது என்பதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மூச்சுவிடாமல் கன்னத்திலே காற்றை அடக்கி ஊதுவது லேசான காரியம் அல்ல. அதில் கிரான்ஸ்டெட் கைதேர்ந்தவர்.

ஸ்வீடனின் வடகோடியில் லாப்லாந்துப் பிரதேசத்துச் செம்புச் சுரங்கம் ஒன்றிலிருந்து கிடைத்த கல்லையும், ஐஸ்லாந்திலிருந்து வந்த கல்லையும் ஒருநாள் அவர் இவ்வாறு ஊதினார். வெண்காரத்தைச் சட்டியில் இட்டால் எப்படிப் பொரிந்து உப்புமோ அப்படி அந்தக் கற்கள் பொங்கின. கல்லுக்குள்ளிருந்து நீராவி வந்தது. பார்த்தால் கல்லே கொதிப்பது போல இருந்தது. கிரேக்க பாஷையில் கொதிப்பதற்கும் கல்லுக்கும் உரிய சொற்களைச் சேர்த்து, 1756-ல் இந்தக் கற்களுக்கு ஜியோலைட் என்று அவர் நாமகரணம் செய்தார்.

உலர்ந்த கல்லுக்குள் தண்ணீர் எங்கே ஒளிந்திருந்தது? அதற்கு விடை காண்பதற்கான சாதனம் அவர் காலத்தில் இல்லை. 1930-ல் எக்ஸ் கதிர்களின் உதவியால்தான் அது முழுமையாக விளங்கிற்று. அலுமினியம், ஸிலிக்கன், ஆக்ஸிஜன் ஆகிய மூன்றும் கூடிக் கட்டிய தேன்கூடு போன்றது ஜியோலைட். அதன் அறைகளிலும் வாசல்களிலும் தண்ணீர் குடியிருக்கிறது. சுட்டால் தண்ணீர் வெளியேறிவிடும். ஆனால் பெரும்பாலும் கூடு இடியாது. ஆறியதும் மறுபடி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும்.

பெயர் போடாத புத்தகம்

அந்நாளில் கற்களை நிறம், வடிவம், கடினம் ஆகிய வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரிப்பது பெருவழக்காக இருந்தது. சட்டையைப் பார்த்து ஆளின் ஜாதகம் கணிப்பது போன்ற முறை இது. ஒரு கல் எதனால் ஆனது என்பதே அதன் இனத்தைச் சொல்லும் என்று கிரான்ஸ்டெட் கருதினார். கனிப்பொருள்களை மண், உப்பு, எரியும் பொருள், உலோகம் என்று ரசாயன அடிப்படையில் வகுத்து, 1758-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தம் ஆசிரியர்களின் முறைக்கே மாறான புத்தகம் அது. அதில் அவர் தம் பெயரைப் போடவில்லை! எழுதியவர் அவரே என்பது பின்னால் எல்லோருக்கும் தெரிந்தது. ஜெர்மன் பாஷையிலும், 1770-ல் இங்கிலீஷிலும் அது மொழிபெயர்க்கப்பட்டது. இங்கிலீஷ்ப் பதிப்போடு ஊதுகுழலை உபயோகிக்கும் முறையும் சேர்ந்து வெளியாகி, அந்த வித்தையை வெளிநாட்டாருக்கும் கற்பித்தது.

அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1765-ம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி, ஸேட்டர் என்ற ஊரில், 42-வது வயதில் கிரான்ஸ்டெட் காலமாகிவிட்டார். திருமணமாகி 5 வருஷங்களே ஆகியிருந்தன.

வழக்கு வென்றது

அவர் மறைந்து 10 வருஷங்கள் கழித்து, 1775-ல், ஸ்வீடனின் மற்றொரு ரசாயன மேதையான டோர்பெர்ன் பெர்க்மன் மேலும் சுத்தமான நிக்கலைத் தயாரித்தார். அது தனி உலோகமே என்று நிரூபணமாயிற்று. இன்று எவர்சில்வரில் பளபளப்பும் துருப்பிடிக்காத குணமும் நிலைக்கக் குரோமியத்தோடு துணை நிற்பது நிக்கல். சமையல் பாத்திரத்துக்கேற்ற நல்ல எவர்சில்வரில் அது 100-க்கு 8 பங்கு இருக்கும். 1947-ல் நம் நாட்டு ரூபாய் நாணயமும் வெள்ளியை விட்டு நிக்கலுக்கு மாறிற்று.

ஜியோலைட்டின் யோகம் இன்னும் தாமதித்து வந்தது. 1949-ல் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியின் விஞ்ஞானி ராபர்ட் மில்டன், இயற்கையில் இல்லாத ஒரு ஜியோலைட்டை ஆராய்ச்சிச் சாலையிலேயே தயாரித்தார். 1954 முதல் செயற்கை ஜியோலைட் விற்பனைக்கு வந்தது.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவது இல்லத்தரசிகளுக்குத் தெரிந்த தொல்லை. தண்ணீரில் உள்ள கால்சியம்தான் அதற்குக் காரணம். ஜியோலைட் தன் அறையிலுள்ள ஸோடியத்தை வெளியே விட்டுக் கால்சியத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும். சலவைத் தூளில் முன்பு இந்த வேலையைப் பாஸ்பேட் உப்புகள் செய்தன. அவை ஏரிகளில் கலந்து பாசியை மிதமிஞ்சி வளர்த்து, மீன்களுக்குப் பிராணவாயு இல்லாமல் செய்தன. ஆகவே 1970-களில் ஜியோலைட் பாஸ்பேட்டின் இடத்துக்கு வந்தது.

காற்றைப் பிரிப்பது இன்னும் விந்தை. காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு பிராணவாயு. ஜியோலைட் நிரப்பிய உருளையில் காற்றை அழுத்திச் செலுத்தினால், கூட்டுக்குள் இருக்கும் மின்னூட்டம் நைட்ரஜனைப் பலமாகப் பற்றிக்கொள்ளும். பிராணவாயு வெளியே வந்துவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் நைட்ரஜன் விடுபட்டு, ஜியோலைட் மறுபடி வேலைக்குத் தயாராகிவிடும். இரண்டு உருளைகள் மாறி மாறி உழைக்க, சுமார் 93 சதவீதப் பிராணவாயு இடைவிடாமல் கிடைக்கும். 2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது, நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் அவசரம் அவசரமாக நிறுவப்பட்ட பிராணவாயு நிலையங்கள் இந்த முறையில் இயங்குபவைதான். மூச்சுக்குத் தவித்தவர்களின் படுக்கையருகே ஓசையிட்டுக்கொண்டிருந்த சிறு இயந்திரங்களின் வயிற்றிலும் ஜியோலைட்டே இருந்தது.

மகாராஷ்டிரத்தில் புனா, நாசிக் பக்கத்துக் கருங்கற்பாறைகளில் அழகிய ஜியோலைட் கற்கள் ஏராளம். உலகத்துக் காட்சிச் சாலைகளில் அவை கண்ணாடிப் பெட்டிக்குள் ஜொலிக்கின்றன.

1821-ல் ஒரு கருநிறக் கனிப்பொருளுக்கு கிரான்ஸ்டெடைட் என்று பெயர் வைத்து விஞ்ஞானிகள் தங்கள் கடனைத் தீர்த்துக்கொண்டார்கள். தம் புத்தகத்திலே தம் பெயரைப் போடாத மனிதரின் பெயர், இப்படிக் கல்லிலே நிலைத்தது. கல்லை உருக்கிப் பார்க்க அவர் ஊதிய மூச்சு, இரண்டரை நூற்றாண்டு கழித்து மனிதனின் மூச்சைக் காக்க உதவியது. இதைவிடப் பெரிய கீர்த்தி ஒரு விஞ்ஞானிக்கு வேறென்ன வேண்டும்?