டூர் பேக்கேஜா, சொந்தமா சுத்துறதா? ரெண்டையும் விற்ற தாமஸ் குக்கின் கதை

வெளிநாடு போகலாம்னு வீட்டில் பேச்சை எடுத்தாலே அடுத்த கேள்வி ரெடியாக நிற்கும். டூர் பேக்கேஜில் போவதா, இல்லை டிக்கெட், ஓட்டல், விசா எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொண்டு போவதா? அப்பா, அம்மாவுக்கு பேக்கேஜ்தான் நிம்மதி. பிள்ளைகளுக்கோ கொடி பிடித்த கைடு பின்னால் ஓடுவது என்றாலே அலர்ஜி. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் இதை வைத்தே ஒரு பட்டிமன்றம் நடக்கும்.

இந்தப் பட்டிமன்றம் புதுசு இல்லை. 150 வருஷத்துக்கு முன்னாடியே இங்கிலாந்தில் இது காரசாரமாக நடந்திருக்கிறது. அதன் நடுவில் நின்றவர் தாமஸ் குக். குரூப் டூர் என்றதும் உலகமே சொல்லும் பெயர் இவருடையது. ஆனால் தனியாகப் பயணம் போகிறவர்களுக்கும் வழி போட்டுக் கொடுத்தவர் இவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

யார் இந்த தாமஸ் குக்?

1808 நவம்பர் 22-ம் தேதி, இங்கிலாந்தின் டெர்பிஷைர் பகுதியில் மெல்போர்ன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் குக். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மெல்போர்ன் வேறு, இது வேறு. சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். 10 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு தோட்ட வேலைக்குப் போனார். பிறகு உறவினர் ஒருவரிடம் தச்சு வேலை பழகினார்.

20 வயதுக்கு மேல் பாப்டிஸ்ட் திருச்சபையின் ஊழியராக ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். கையில் காசில்லை. அதனால் பெரும்பாலும் நடைதான். 1829-ம் ஆண்டில் மட்டும் 2,000 மைலுக்கு மேல் நடந்திருக்கிறார். ஆக, பின்னாளில் லட்சக்கணக்கானவர்களைக் கூட்டமாகக் கூட்டிப்போன மனிதர், ஆரம்பத்தில் தன்னந்தனியாக, கால்நடையாகச் சுற்றியவர்.

ஒரு ஷில்லிங் ரயில்

குடிப்பழக்கம் ஏழைக் குடும்பங்களை நாசமாக்குகிறது என்று உறுதியாக நம்பியவர் குக். மதுவிலக்கு இயக்கத்தில் தீவிரமாக இருந்தார். 1841 ஜூன் மாதம், இயக்கக் கூட்டம் ஒன்றுக்காக லெஸ்டர் நகருக்கு நடந்து போனார். சுமார் 15 மைல், அதாவது 24 கி.மீ. அந்த நடையில்தான் அவருக்கு யோசனை வந்தது. புதுசாக ஓடும் இந்த ரயிலை நம் வேலைக்குப் பயன்படுத்தினால் என்ன?

ரயில் கம்பெனியிடம் பேசினார். ஒத்துக்கொண்டார்கள். 1841 ஜூலை 5-ம் தேதி, லெஸ்டரில் இருந்து லஃபரோ நகருக்கு சிறப்பு ரயில் கிளம்பியது. தூரம் சுமார் 12 மைல். பயணிகள் ஏறத்தாழ 500 பேர். போக வர கட்டணம் ஒரு ஷில்லிங். மேற்கூரை இல்லாத பெட்டிகள். பேண்டு வாத்தியம், டீ, விளையாட்டு, மேடைப்பேச்சு எல்லாம் உண்டு. சாராயம் மட்டும் கிடையாது.

சிறப்பு ரயில் விட்ட முதல் ஆள் குக் இல்லை. அவருக்கு முன்பே சில அமைப்புகள் இப்படிக் கூட்டிப்போயிருக்கின்றன. அவர் செய்த புதுமை வேறு. டிக்கெட்டோடு நிற்காமல், பயணியின் கவலை ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார்.

1845-ல் லாபத்துக்காக நடத்திய முதல் பயணம் லிவர்பூலுக்கு. அதற்கு முன்னால் அந்த வழியில் அவரே ஒருமுறை போய்ப் பார்த்தார். எங்கே தங்கலாம், என்ன பார்க்கலாம் என்று விசாரித்தார். அதையெல்லாம் சின்னப் புத்தகமாக அச்சடித்துப் பயணிகள் கையில் கொடுத்தார். இன்று பேக்கேஜ் வாங்கினால் வாட்ஸ்அப்பில் வருமே ஒரு பிடிஎஃப், அதற்குத் தாத்தா இதுதான்.

சீட்டு கட்டி லண்டன் பார்த்தவர்கள்

1851-ல் லண்டனில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. தொழிலாளி குடும்பங்களுக்கு லண்டன் என்பது காதால் மட்டுமே கேட்ட ஊர். பயணச் செலவை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டும் சேமிப்புக் குழுக்களை குக் ஊக்கப்படுத்தினார். நம்ம ஊர் தீபாவளி சீட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணச் செய்திகளுக்காகவே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். அந்த ஒரு கண்காட்சிக்கு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேரை அழைத்துப் போனார்.

அதுவரை ஊர் சுற்றிப் பார்ப்பது பணக்காரர் சமாச்சாரம். அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது இந்தக் குரூப் டூர்தான்.

கடல் தாண்டிய குரூப்

1855-ல் முதல் முறையாக ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனார். பெல்ஜியம், ஜெர்மனி வழியாக பாரிஸ். அது பெரிய லாபம் தரவில்லை. 1862-ல் ஸ்காட்லாந்து ரயில் கம்பெனிகள் அவருக்குக் கொடுத்துவந்த சலுகை டிக்கெட்டுகளை நிறுத்தின. வருமானத்தில் பெரிய அடி. வேறு வழி தேடித்தான் மறுபடியும் ஐரோப்பா பக்கம் திரும்பினார்.

1863 ஜூன் மாதம் சுவிட்சர்லாந்து டூர் கிளம்பியது. அதில் போனவர் ஜெமைமா மோரல் என்ற பெண். அவர் எழுதி வைத்த டைரி காணாமல் போய், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கிடைத்து, 100 ஆண்டு கழித்து 1963-ல் புத்தகமாக வந்தது. அதனால் அந்தப் பயணம் நமக்கு விவரமாகவே தெரிகிறது. அதிகாலையில் எழுந்து, நீளமான பாவாடையோடு பனிமலை ஏறி, கோவேறு கழுதையில் போய், அடுத்த ஊருக்கு ஓடி... இன்றைய 10 நாள் ஐரோப்பா பேக்கேஜ் தோற்றுப்போகும்!

இதில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது. அந்தப் பயணம் முழுக்க குக் கூடவே இருக்கவில்லை. வழியில் அவர் விடைபெற்றுக்கொள்ள, சின்னக் குழுவாக மிச்ச இடங்களை ஜெமைமாவும் நண்பர்களும் தாங்களே சுற்றினார்கள். ஆக, சுவிட்சர்லாந்துக்கான முதல் குக் டூரே பாதி பேக்கேஜ், பாதி சொந்தப் பயணம்.

மந்தை என்று கேலி செய்தவர்கள்

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. வசதியானவர்கள் மட்டும் உலாவிய இடங்களில் கிளார்க்குகளும் டீச்சர்களும் கடைக்காரர்களும் வந்து இறங்கினால்? 1865-ல் சார்லஸ் லீவர் என்ற நாவலாசிரியர், புனைபெயரில் குக்கின் பயணிகளைக் கிழித்து எழுதினார். அப்போது இத்தாலியில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்தவர் அவர். ஆடு மாடு ஓட்டுவது போல ஒரு ஆள் இவர்களை ஓட்டிப்போகிறான் என்று நக்கல். ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகளை இத்தாலிக்கு அனுப்புகிறார்கள் என்று புரளி வேறு.

குக் சும்மா இருக்கவில்லை. பதிலுக்குக் காட்டமாக எழுதினார். பயணம் சிலருக்கு மட்டும் சொந்தமில்லை என்பதுதான் அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. அந்தக் காலத்தில் ஒரு பெண் ஆண் துணை இல்லாமல் வெளிநாடு போனால் ஊர் வாயில் விழ வேண்டும். குக்கின் குழுவில் சேர்ந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. அதனால்தான் அவருடைய பயணிகளில் பெண்கள், அதுவும் திருமணமாகாத பெண்கள் நிறைய இருந்தார்கள். கேலி செய்தவர்களுக்கு மந்தையாகத் தெரிந்தது, அந்தப் பெண்களுக்கு விடுதலையாக இருந்தது.

கூட்டமும் வேண்டாம், கஷ்டமும் வேண்டாம்

காலம் போகப்போக குக்குக்கு ஒன்று புரிந்தது. எல்லாருக்கும் கூட வர ஒரு ஆள் தேவையில்லை. சிலருக்கு பயமே வேறு. மொழி தெரியாத ஊரில் ஓட்டல்காரன் ஏமாற்றிவிடுவானோ, கையில் பணத்தோடு எப்படிச் சுற்றுவது என்ற கவலைதான் பெருசு.

அதற்கு 1868-ல் ஓட்டல் கூப்பன் கொண்டுவந்தார். ஊரிலேயே நிலையான விலைக்கு கூப்பன் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு ஓட்டலில் அதைக் கொடுத்தால் படுக்கை, காலை உணவு, இரவு உணவு கிடைக்கும். ஓட்டல்காரர் கூப்பனை குக் நிறுவனத்துக்கு அனுப்பிப் பணம் வாங்கிக்கொள்வார். பேரம் இல்லை, தகராறு இல்லை.

பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் தொகுப்பு கொடுத்தார். 1873-ல் ஐரோப்பிய ரயில் கால அட்டவணைப் புத்தகம் வெளிவந்தது. 1874-ல் பணத்தாளுக்குப் பதிலாக ஒரு சீட்டு. போகும் ஊரில் அதைக் கொடுத்து உள்ளூர் பணமாக மாற்றிக்கொள்ளலாம். டிராவலர்ஸ் செக்கின் முன்னோடி இது.

இவற்றையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு கைடு இல்லாமல், குழு இல்லாமல், நினைத்த தேதியில் கிளம்பலாம். இன்று நாம் மொபைலில் ஓட்டல் புக் செய்து, ஃபாரெக்ஸ் கார்டு தேய்த்து, ரயில் பாஸ் காட்டிச் சுற்றுகிறோமே, அந்த வேலையைத்தான் அன்று காகிதம் செய்தது. சொந்தப் பயணம் என்பதும் யாரோ முன்னாடியே செய்துவைத்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

222 நாளில் உலகம்

1869-ல் எகிப்து, பாலஸ்தீனத்துக்கு டூர். அதே ஆண்டில் சூயஸ் கால்வாய் திறந்தது. அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதையும் முடிந்தது. உலகைச் சுற்றிவர வழி கிடைத்துவிட்டது. 1872 செப்டம்பரில், 63 வயதில், ஒரு சின்னக் குழுவோடு குக் கிளம்பினார். அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா, எகிப்து என்று 222 நாள் பயணம். அவர் வழியில் இருந்தபோதுதான், 80 நாளில் உலகைச் சுற்றும் ஜூல் வெர்னின் கதை பிரெஞ்சுப் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது.

அப்பாவும் மகனும்

குக்கின் மகன் ஜான் மேசன் குக் தொழிலில் கூட்டாளி ஆனார். நிறுவனத்தின் பெயர் தாமஸ் குக் அண்ட் சன் ஆனது. ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அப்பாவுக்கு இது பாதி ஊழியம், பாதி தொழில். மகனுக்கு தொழில் என்றால் தொழில். பூசல் முற்றி, 1870-களின் கடைசியில் அப்பா ஒதுங்கிக்கொண்டார்.

மகன் காலத்தில் நிறுவனம் பிரம்மாண்டமாக வளர்ந்தது. 1881-ல் பம்பாயில் அலுவலகம் வந்தது. 1880-களில் இந்தியாவில் இருந்து மெக்கா போகும் ஹஜ் பயணிகளுக்கான ஏற்பாட்டை பிரிட்டிஷ் இந்திய அரசு இந்த நிறுவனத்திடம் ஒப்படைத்தது.

தாமஸ் குக்கின் கடைசி ஆண்டுகள் சோகமானவை. 1880-ல் மகள் ஆனி, வீட்டுக் குளியலறையில் புதிதாக வைத்த ஹீட்டரின் வாயுவால் இறந்தார். 1884-ல் மனைவி மரியான் போய்விட்டார். கண்பார்வையும் போனது. உலகத்துக்கே ஊர் சுற்றிக் காட்டிய மனிதர், எதையும் பார்க்க முடியாமல் 1892 ஜூலை 18-ம் தேதி, 83 வயதில் காலமானார்.

2019-ல் என்ன நடந்தது?

குடும்பத்தின் கையை விட்டு 1928-லேயே போன நிறுவனம், பல கை மாறி, 2019 செப்டம்பர் 23-ம் தேதி கடனில் மூழ்கி மூடப்பட்டது. அன்று வெளிநாடுகளில் இருந்த பிரிட்டன் பயணிகள் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேர். அவர்களை பிரிட்டன் அரசு விமானம் ஏற்பாடு செய்து அழைத்துவந்தது. இந்தியாவில் அதே பெயரில் இயங்கும் நிறுவனம் 2012-லேயே தனியாகப் பிரிந்துவிட்டதால் அதற்கு பாதிப்பில்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிரிட்டன் சட்டப்படி, பேக்கேஜாகப் பணம் கட்டி, இன்னும் கிளம்பாமல் இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு நிதியில் இருந்து பணம் திரும்பக் கிடைத்தது. விமான டிக்கெட்டை மட்டும் வாங்கியவர்களில் பலருக்கு அந்த நிதி கைகொடுக்கவில்லை. கார்டு நிறுவனம், இன்சூரன்ஸ் என்று அவர்களே அலைய வேண்டியதாயிற்று.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

குக்கின் வாழ்க்கை சொல்வது இதுதான். பேக்கேஜில் போகிறவர் பயந்தாங்கொள்ளியும் இல்லை, தனியாகப் போகிறவர் வீரரும் இல்லை. எந்தச் சுமையை நீங்கள் சுமப்பீர்கள், எதை அடுத்தவரிடம் கொடுப்பீர்கள் என்பதுதான் கேள்வி. புக் செய்யும் முன் மூன்று விஷயம் யோசியுங்கள்.

1. எனக்கு உண்மையில் பயம் எதில்? மொழியா, சாப்பாடா, பணமா, வழியா? அந்த ஒன்றுக்கு மட்டும் உதவி வாங்கினால் போதுமா?

2. கூட வருகிறவர்கள் யார்? முட்டி வலியோடு வரும் அம்மாவுக்கு வாசலில் நிற்கும் பஸ் சொகுசு இல்லை, தேவை. அதற்காக உங்கள் நாள் முழுவதையும் கைடின் கடிகாரத்துக்குக் கொடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

3. நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் என்னை ஊர் சேர்ப்பது யார் பொறுப்பு? பேக்கேஜ் என்றால் அது எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். தனியாகப் போனால் இன்சூரன்ஸ் அதற்கு உதவுமா என்று படியுங்கள்.

பாதி நாள் குழுவோடு, மீதி நாள் சொந்தமாக என்று கலந்தும் போகலாம். 1863-ல் ஜெமைமா அப்படித்தான் போனார். ஃபேமிலி குரூப்பில் அடுத்த பட்டிமன்றம் ஆரம்பித்தால், இந்தக் கதையை ஒருமுறை ஷேர் பண்ணிப் பாருங்கள்.