ஏரிக்குத் தன் பெயரை வைத்த மன்னர்



ஒரு மன்னர் தன் பெயரை எதற்கெல்லாம் வைப்பார்? ஊருக்கு வைப்பார். கோயிலுக்கு வைப்பார். காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஒரு மன்னர், ஊருக்கும் கோயிலுக்கும் வைத்ததோடு ஓர் ஏரிக்கும் தன் பெயரை வைத்தார். ஏறக்குறைய 1400 ஆண்டுகள் ஓடிவிட்டன. அவருடைய அரண்மனை இன்று இல்லை. அவர் அமர்ந்த சிம்மாசனம் இல்லை. ஆனால் அந்த ஏரி இருக்கிறது! நல்ல மழை பெய்தால் இன்றும் அதில் தண்ணீர் நிறைகிறது.

யார் அந்த மன்னர்? அவர்தான் முதலாம் மகேந்திரவர்ம பல்லவர்.

பல பட்டங்கள் பெற்றவர்

மகேந்திரவர்மர், பல்லவ மன்னர் சிம்மவிஷ்ணுவின் மகன். ஏறக்குறைய கி.பி. 600 முதல் 630 வரை ஆட்சி செய்தார். இவருக்கு இருந்த பட்டப்பெயர்களைக் கேட்டால் வியந்து போவீர்கள். புதுமையான எண்ணங்கள் கொண்டவர் என்பதால் விசித்திரசித்தர். ஓவியர்களுக்குள் புலி என்பதால் சித்திரகாரப்புலி. கோயில்களை எழுப்பியதால் சேத்தகாரி. நற்குணங்கள் நிறைந்தவர் என்பதால் குணபரர்.

அந்தக் காலத்தில் கோயில்களைச் செங்கல், மரம், சுண்ணாம்பு கொண்டு கட்டினார்கள். மழையிலும் வெயிலிலும் அவை நாளடைவில் அழிந்து போயின. மகேந்திரவர்மர் யோசித்தார். மலைப் பாறையையே குடைந்து கோயில் செய்தால் என்ன? விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் அப்படியே செய்தார். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. இவை எதுவும் இல்லாமல் அமைத்த கோயில் இது என்று கல்வெட்டிலும் பொறித்து வைத்தார். பல்லாவரம், வல்லம், தளவானூர், சீயமங்கலம் என்று இவருடைய குகைக் கோயில்களின் பட்டியல் நீளும்.

இவர் நாடகமும் எழுதினார்! வடமொழியில் எழுதிய அந்த நகைச்சுவை நாடகத்தின் பெயர் மத்தவிலாசப் பிரகசனம். கதை நடக்கும் இடம் காஞ்சிபுரம். ஒரு காபாலிகர் தன் மண்டை ஓட்டுப் பிச்சைப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறார். ஒரு புத்த பிட்சுதான் திருடிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறார். தெருவே கூடிவிடுகிறது. கடைசியில் பார்த்தால், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரு நாய்! தன் தலைநகரத்தில் நடக்கும் வேடிக்கையைத் தானே எழுதிச் சிரித்த மன்னர் இவர். கேரளத்தில் கிடைத்த ஏட்டுச் சுவடிகளைக் கொண்டு, 1917-ல் திருவனந்தபுரத்தில் இந்த நாடகம் அச்சானது.

ஆறு பெரிது, தண்ணீர் சிறிது

இவ்வளவு கலைகள் தெரிந்த மன்னருக்கு, ஏரியைப் பற்றி ஏன் கவலை? அதைப் புரிந்துகொள்ளக் காஞ்சிபுரத்தின் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

காஞ்சிக்குத் தெற்கே பாலாறு ஓடுகிறது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தின் குப்பம் பகுதி வழியாக வந்து, தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், வாலாஜா, காஞ்சி, செங்கல்பட்டு வழியாகச் சென்று, வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 348 கிலோமீட்டர். இதில் கர்நாடகத்தில் சுமார் 93, ஆந்திரத்தில் சுமார் 33, தமிழ்நாட்டில் சுமார் 222 கிலோமீட்டர். காஞ்சிக்கு அருகில் திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் வந்து பாலாற்றுடன் சேர்கின்றன.

இவ்வளவு நீளமான ஆறு என்றாலும் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. மழை கொட்டினால் சில நாட்கள் வெள்ளம் வரும். பிறகு வெறும் மணல்தான் தெரியும். இங்கே பெரும்பகுதி மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்கிறது. அந்தச் சில வாரங்களில் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் மற்ற மாதங்களைத் தள்ள முடியும். அதற்கு வழி? ஏரிதான்!

மகேந்திர தடாகம்

இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணத்துக்கு மேற்கே மகேந்திரவாடி என்ற ஊர் இருக்கிறது. அங்கே தனியாகக் கிடந்த ஒரு பெரிய பாறையைக் குடைந்து, திருமாலுக்கு ஒரு கோயில் அமைத்தார் மகேந்திரவர்மர். அதன் தூணில் உள்ள கல்வெட்டு மூன்று பெயர்களைச் சொல்கிறது. ஊரின் பெயர் மகேந்திரபுரம். ஏரியின் பெயர் மகேந்திர தடாகம். ஏரிக்கரையில் உள்ள கோயிலின் பெயர் மகேந்திர விஷ்ணு கிருகம். தடாகம் என்றால் நீர்நிலை.

காஞ்சிக்குத் தெற்கே, பாலாற்றுக்கு அப்பால், தூசி என்ற ஊருக்குப் பக்கத்தில் மாமண்டூர் இருக்கிறது. (செங்கல்பட்டுக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் வரும் மாமண்டூர் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்!) அங்கேயும் குன்றைக் குடைந்த கோயில்கள் உண்டு. பக்கத்தில் கடல் போல ஓர் ஏரி உண்டு. பழைய கல்வெட்டுகளில் சித்திரமேக தடாகம் என்று வரும் இந்த ஏரியையும் மகேந்திரவர்மரே வெட்டினார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஏரி எப்படி வேலை செய்கிறது?

ஏரி என்றால் பெரிய பள்ளம் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நம் பகுதியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்து செல்கிறது. சரிவில் ஓடிவரும் தண்ணீரைப் பிறை வடிவில் ஒரு மண் கரை போட்டுத் தடுத்து நிறுத்தினால், அதுதான் ஏரி. மேலே இருந்து தண்ணீரைக் கொண்டு வருவது வரத்துக் கால்வாய். வயலுக்குத் தண்ணீரைத் திறந்துவிடுவது மதகு. ஏரி நிறைந்த பிறகு, மிஞ்சிய தண்ணீரை வெளியே விடும் கல் கட்டுமானம் கலிங்கல்.

கலிங்கலில் வழிந்த தண்ணீர் எங்கே போகும்? வீணாகப் போகாது. கால்வாய் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. இப்படிச் சங்கிலி போல ஏரிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கின்றன.

இங்கேதான் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. மேல் ஊர்க்காரர்கள் பேராசைப்பட்டுக் கலிங்கலை உயர்த்தினால் என்ன ஆகும்? கீழ் ஊர் காய்ந்து போகும். மேல் ஊர்க்காரர்கள் சோம்பேறித்தனமாகக் கரையைப் பழுது பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு மழை இரவில் கரை உடையும். அந்த வெள்ளம் கீழ் ஊர் ஏரியையும் உடைத்துவிடும். ஆக, மேல் ஊரின் நன்மையும் கீழ் ஊரின் நன்மையும் ஒன்றுதான்.

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குக் கோர்வைச் சேலை நெய்வது தெரிந்திருக்கும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து, உடலின் ஊடை நூலையும் கரையின் ஊடை நூலையும் பிணைத்துப் பிணைத்து நெய்கிறார்கள். ஒருவர் கை நின்றால் மற்றவர் வேலையும் நின்றுவிடும். ஒரே ஆற்றை நம்பி வாழும் ஊர்களும் அப்படித்தான்.

போர் வந்தது

மகேந்திரவர்மரின் காலம் முழுவதும் அமைதியாக இருந்துவிடவில்லை. வாதாபியை ஆண்ட சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசி பெரும் படையுடன் வந்தார். பல்லவ நாட்டின் வட பகுதிகள் பறிபோயின. மகேந்திரவர்மர் காஞ்சிக் கோட்டை மதிலுக்குள் ஒதுங்க வேண்டியதாயிற்று என்று சாளுக்கியர்களின் அய்கொளெ கல்வெட்டு சொல்கிறது. காஞ்சிக்கு அருகில் உள்ள புள்ளலூரில் மகேந்திரவர்மர் பகைவர்களை வென்றார் என்று பல்லவர்களின் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. எப்படியோ, காஞ்சி நகரம் தப்பியது. ஏறக்குறைய 630-ல் மகேந்திரவர்மர் மறைந்தார். அவருடைய மகன் நரசிம்மவர்மர் படையெடுத்துச் சென்று 642-ல் வாதாபியைக் கைப்பற்றினார்.

சாளுக்கியரும் போனார்கள், பல்லவரும் போனார்கள். யாருடைய எல்லை எதுவரை என்று அன்று போட்ட சண்டை இன்று பாடப் புத்தகத்தில் நான்கு வரி. ஏரி மட்டும் நெல் விளைத்துக்கொண்டே இருந்தது!

தொடர்ந்து வந்த கைகள்

ஏரி தானாக 1400 ஆண்டுகள் நிற்குமா? நிற்காது. வண்டல் சேரும், கரை கரையும், மதகு பழுதாகும். ஒவ்வொரு தலைமுறையும் கை கொடுத்தால்தான் நிற்கும்.

மகேந்திரவர்மருக்குப் பின் வந்த பரமேசுவரவர்மர், காஞ்சிக்கு அருகில் கூரத்தில் பரமேசுவர தடாகத்தை வெட்டினார். அதற்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாயும் வந்தது. மூன்றாம் நந்திவர்மர் காலத்தில் காவேரிப்பாக்கம் ஏரி அமைந்தது. உத்திரமேரூரில் வயிரமேக தடாகம் அமைந்தது.

சோழர் காலத்தில், முதலாம் பராந்தகர் ஆட்சியில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். குடவோலைத் தேர்தல் நினைவிருக்கிறதா? ஊரில் 30 குடும்புகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அப்படி அமைந்த குழுக்களில் ஒன்றின் பெயரே ஏரி வாரியம்! அதற்கு 6 பேர். முன்பு பதவியில் இருந்து ஒழுங்காகக் கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடம் கிடையாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் கிடையாது. ஏரியை மன்னர் வெட்டலாம். காப்பது ஊராரின் வேலை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில், 1858-ல், வாலாஜாவுக்கு அருகில் பாலாற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டுக் கட்டினார்கள். அதிலிருந்து நான்கு கால்வாய்கள் பிரிகின்றன. ஆற்றின் ஒரு பக்கம் மகேந்திரவாடிக்கும் காவேரிப்பாக்கத்துக்கும், மறு பக்கம் சக்கரமல்லூருக்கும் தூசிக்கும். மகேந்திரவாடி ஏரிக்கும், ஆற்றின் எதிர்ப்பக்கம் உள்ள மாமண்டூர் ஏரிக்கும் ஒரே அணைக்கட்டிலிருந்து தண்ணீர் போகிறது!

இன்று பாலாறு

இன்று பாலாறு மூன்று மாநிலங்களின் ஆறு. 1892-ல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்த ஒப்பந்தத்தில் பாலாறும் இருக்கிறது. மேலே இருப்பவர்கள், கீழே இருப்பவர்களைக் கேட்காமல் புதிய அணை கட்டக் கூடாது என்பதே அதன் சாரம். ஆனாலும் சண்டை ஓயவில்லை. குப்பம் பகுதியில் ஆந்திர அரசு அணை கட்ட முனைந்தபோது, தமிழ்நாடு அரசு 2006-ல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

அடுத்த மாநிலத்தை மட்டும் குறை சொன்னால் போதுமா? நம் மாநிலத்துக்குள்ளேயே தோல் தொழிற்சாலைக் கழிவுகள் பாலாற்றைக் கெடுத்தன. ஆற்றைக் கெடுத்தவர்களே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆற்று மணலை அளவுக்கு மீறி அள்ளியதும் நம்மவர்கள்தான். மணல் என்பது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு போன்றது. அது போனால் ஆற்றங்கரைக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும். குடிக்கவும், வயலுக்கும், பட்டு நூலை அலசிச் சாயம் போடவும் நல்ல தண்ணீர் எங்கே போவது?

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆறு இன்னும் சாகவில்லை என்று எல்லோரும் பார்த்தோம். வரும் தண்ணீரை வாங்கி வைக்க ஏரிகளும், அதைக் கொண்டு செல்லக் கால்வாய்களும் தயாராக இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

நீங்கள் செய்ய வேண்டியது

செல்லங்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊர் ஏரியின் பெயர் என்ன? அதற்குத் தண்ணீர் எந்த ஊர் ஏரியிலிருந்து வருகிறது? கலிங்கல் வழிந்தால் எந்த ஊருக்குப் போகிறது? தாத்தா, பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் படமாக வரையுங்கள். பெரியவர்களின் துணையில்லாமல் ஏரிக்கரைக்குப் போக வேண்டாம். கால்வாய் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது, எங்கே குப்பை கொட்டுகிறார்கள் என்பதையும் அந்தப் படத்தில் குறித்து, வகுப்பு ஆசிரியரிடம் காட்டுங்கள். கிராம சபைக் கூட்டத்துக்குப் போகும் உங்கள் அப்பா, அம்மாவிடமும் கொடுங்கள்.

மகேந்திரவர்மர் வெட்டிய ஏரி 1400 ஆண்டுகளாகக் கை மாறிக் கை மாறி நம்மிடம் வந்திருக்கிறது. அடுத்து அது உங்கள் கைக்குத்தான் வரப்போகிறது. மேல் ஊரையும் கீழ் ஊரையும் சேர்த்து நினைத்து, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!